வினேஷ் போகத்: களத்துக்கு வெளியே நடந்த போராட்டம்

இந்திய மகளிர் மல்யுத்தத்தில் வினேஷ் போகத் அளவுக்குச் சாதித்தவர்கள் மிகச் சிலரே. ஹரியாணாவின் பலாலி கிராமத்தைச் சேர்ந்த அவர், காமன்வெல்த் போட்டிகளில் மூன்று முறை தங்கம் வென்றார். 2018 இல் ஆசிய விளையாட்டு மல்யுத்தத்தில் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார். உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டு வெண்கலப் பதக்கங்களும் பெற்றார். அத்தகையவர் நியாயம் கேட்டு டெல்லித் தெருவில் படுத்துறங்க நேர்ந்ததுதான் இந்திய விளையாட்டு நிர்வாகத்தின் ஆழமான குறை.

2023 ஜனவரியில் வினேஷும், சக மல்யுத்த வீரர்களான சாக்ஷி மாலிக், பஜ்ரங் பூனியா உள்ளிட்டோரும் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டம் தொடங்கினர். மல்யுத்தக் கூட்டமைப்பின் அன்றைய தலைவரும் பாஜக எம்.பி.யுமான பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்துவருகிறார். உச்ச நீதிமன்றத்தை நாடிய பிறகே, ஏப்ரல் இறுதியில், டெல்லி காவல் துறை வழக்குப் பதிந்தது. மே 28 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்தை நோக்கிப் பேரணியாகச் சென்றவர்களைக் காவலர்கள் இழுத்துச் சென்றனர். புகார் கூறியவர்களில் ஒருவரான சிறுமி தொடர்பாக, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவான வழக்கை முடித்துவைக்கக் கோரிய காவல் துறை அறிக்கையை 2025 மே மாதம் நீதிமன்றம் ஏற்றது. மற்ற வீராங்கனைகளின் புகாரில் 2024 இலேயே குற்றச்சாட்டுகள் பதிவாகி, வழக்கு விசாரணைக்குச் சென்றது.

இந்த வழக்குகள் நடந்துகொண்டிருந்தபோதுதான் பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. 2023 ஆகஸ்டில் முழங்கால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வினேஷ், தாம் வழக்கமாக மோதிவந்த 53 கிலோ பிரிவில் வாய்ப்பு கிடைக்காததால் 50 கிலோவுக்கு இறங்கினார். 2024 ஆகஸ்ட் 6 அன்று, அதுவரை சர்வதேசப் போட்டிகளில் தோல்வியே காணாத ஜப்பானின் யூய் சுசாகியை வீழ்த்தினார். அதே நாளில் மேலும் இரண்டு ஆட்டங்களை வென்று, ஒலிம்பிக் மல்யுத்த இறுதிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். போட்டியின் இரண்டு நாட்களிலும் காலையில் எடை பார்ப்பது விதி. ஆட்டங்களுக்கிடையே உண்ட உணவும் பருகிய நீரும் எடையைக் கூட்டின. இரவு முழுக்க உடற்பயிற்சி செய்து வியர்வை சிந்தியும், தலைமுடியைக் குறைத்தும், மறுநாள் எடை வரம்பைவிட 100 கிராம் கூடுதலாக இருந்தது. அவர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். வெள்ளிப் பதக்கத்தைப் பகிர்ந்தளிக்கக் கோரிய மனுவை விளையாட்டு நடுவர் மன்றம் தள்ளுபடி செய்தது.

அடுத்த மாதமே அவர் காங்கிரஸில் சேர்ந்தார். அக்டோபரில் ஹரியாணாவின் ஜுலானா தொகுதியில் 6,015 வாக்குகள் வித்தியாசத்தில் வென்று சட்டமன்ற உறுப்பினரானார். போராட்டமே அரசியல் நோக்கம் கொண்டது என்பதற்கு இதை ஆதாரமாகச் சிலர் காட்டுகின்றனர். இந்த வாதம் ஏற்கத்தக்கதல்ல. புகார் கொடுத்தவர் பின்னாளில் எந்தக் கட்சியில் சேர்ந்தார் என்பது புகாரின் உண்மையைத் தீர்மானிக்காது. அதைத் தீர்மானிக்க வேண்டியது சாட்சியமும் நீதிமன்றமும்தான்.

வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த அரசியல்வாதிகள் விளையாட்டுக் கூட்டமைப்புகளைத் தங்கள் பிடியில் வைத்திருப்பதே இதில் அடிப்படைச் சிக்கல். அணித் தேர்வு, பயிற்சி முகாம், வெளிநாட்டுப் பயணம் அனைத்தும் தலைமையின் கையில் இருக்கும்போது, அத்தலைமைக்கு எதிராகப் பேசுவது விளையாட்டு வாழ்வையே பணயம் வைப்பதாகிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 ஆம் ஆண்டுச் சட்டம் புகார் குழுவைக் கட்டாயமாக்கிய பிறகும், வீராங்கனைகள் வீதிக்கு வர வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டு வழக்குகளுக்குத் தனித் தீர்ப்பாயத்தையும் கூட்டமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் பெண்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் இடத்தையும் உறுதிசெய்கிறது. இது நல்ல தொடக்கம். ஆனால், கூட்டமைப்புத் தலைமைக்குக் கட்டுப்படாத புகார் குழுவும், புகார் கொடுத்தவரின் அணி வாய்ப்புக்குப் பாதுகாப்பும் நடைமுறைக்கு வந்தால்தான் சட்டம் பயன் தரும். துணிச்சல் மிக்க ஒருவர் தம் வாழ்வைப் பணயம் வைத்தால் மட்டுமே நியாயம் நகரும் என்ற நிலையை அரசும் கூட்டமைப்புகளும் மாற்றியாக வேண்டும்.