சர்வர் பார்க்கும் பிள்ளைகளுக்கு



நம் திருவண்ணாமலையில் தமிழ் வழியில் படித்து, இன்று சென்னையிலும் பெங்களூரிலும் லினக்ஸ் சர்வர் பார்க்கிறவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன்.

2012 முதல் கணியம் இதழ் லினக்ஸைத் தமிழில் சொல்லித் தருகிறது. யாரும் எடுத்துத் திருத்தி வெளியிடலாம் என்ற உரிமத்தோடு. நாம் லைக் போடுவதோடு சரி.

டெபியன் ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒரு புதிய பதிப்பு விடுகிறது. நெட்வொர்க் விவரம் பார்க்க முன்பு 'ஐஎஃப்கான்ஃபிக்' என்று அடிப்பார்கள். 2017இல் வந்த டெபியன் 9 முதல் அது தானாக நிறுவப்படுவதில்லை, 'ஐபி' கட்டளைதான். பழைய குறிப்பைப் பார்த்து அடிக்கிற பையனுக்கு 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று வரும். குறிப்பு பழசு என்று அவன் நினைக்க மாட்டான். தனக்கு இது வராது என்றுதான் நினைப்பான். வகுப்பில் அந்த முகத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புதுப் புத்தகம் எழுதச் சொல்லவில்லை. பழைய குறிப்பில் ஒரு பக்கம் எடுங்கள். ஒருவர் படிக்க, இன்னொருவர் புதிய சர்வரில் அடித்துப் பாருங்கள். நிற்கிற வரியை மாற்றுங்கள். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்று மேலே எழுதுங்கள். 'சர்வர்' என்பதா 'வழங்கி' என்பதா என்ற சண்டை அப்புறம் இருக்கட்டும் (தமிழாசிரியன் நானே சொல்கிறேன்!).

எழுத்துப் பிழை பார்ப்பது என் பொறுப்பு. முதல் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வரட்டும்.