சாம்பியன் குதிரைக்கு ‘ரத்தம்’ மட்டும் போதுமா?

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரே அச்சில் களிமண் கரைசலை ஊற்றி நூறு பொம்மை எடுத்தால், நூறும் ஒரே முகத்தோடு வரும். பந்தயக் குதிரை வளர்ப்பையும் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நல்ல அப்பா, நல்ல அம்மா இருந்தால் சாம்பியன் தானாக வந்துவிடும் என்று. அப்படி வருவதில்லை. ஆனாலும் கோடிகள் புரள்வது இந்த நம்பிக்கையின் மேல்தான்.

ஜாக்குலின் வந்த வழி

2010-ல் மும்பை மகாலட்சுமி மைதானத்தில் இந்தியன் டெர்பியை வென்றது ஜாக்குலின் என்ற இளம் பெண் குதிரை. ஆண் குதிரைகளோடு 2,400 மீட்டர் ஓடி ஜெயிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆனால் இது புதுசும் இல்லை. 1943-ல் நடந்த முதல் டெர்பியை வென்றதே ஒரு பெண் குதிரைதான்: பரோடா மகாராஜாவின் பிரின்சஸ் பியூட்டிஃபுல்.

ஜாக்குலினின் அப்பா கிங் சார்லமேன். தாத்தா நூரியெவ். கொள்ளுத்தாத்தா நார்தர்ன் டான்சர், 1964-ல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பியை வென்ற கனடா குதிரை. இந்த ஆண்வழியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போனால், 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாவிலிருந்து இங்கிலாந்து போன டார்லி அரேபியனில் போய் நிற்கும். இன்றைய தரோபிரெட் குதிரைகள் எல்லாமே ஆண்வழியில் டார்லி அரேபியன், பயர்லி டர்க், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்றில் ஒன்றின் வாரிசுகள்தான்.

அம்மாவின் கணக்கு வேறு

ஓர் ஆண் குதிரை ஒரே சீசனில் நூறு குட்டிகளுக்குக்கூட அப்பா ஆகலாம். பெண் குதிரைக்குச் சினைக்காலமே சுமார் 11 மாதம். வருஷத்துக்கு ஒரு குட்டி. செயற்கைக் கருவூட்டலுக்கும் இந்த இனத்தில் அனுமதி கிடையாது. அதனால்தான் ஜெயித்த பெண் குதிரைக்கு இரட்டை மதிப்பு: ஓடும்போது பரிசு, ஓய்வுக்குப் பிறகு தாய்மை.

அந்தத் தாய்மை சாம்பியனைத் தருமா? ஆஸ்திரேலியாவின் பிளாக் கேவியர் 25 பந்தயம் ஓடி 25-லும் ஜெயித்தது. பெரிய பெரிய ஆண் குதிரைகளோடு சேர்த்தும், அதன் குட்டிகளில் ஒன்றுகூட அம்மாவை எட்டவில்லை. பாதி மரபணு அப்பாவிடமிருந்து, பாதி அம்மாவிடமிருந்து. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் புதிய சீட்டுக்கட்டு. பயிற்சி, தீனி, கால் எலும்பின் பலம், ஜாக்கியின் கணிப்பு எல்லாம் அதற்கு மேல்.

ஒரே கிணற்றுத் தண்ணீர்

இதில் ஆபத்தும் இருக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வைத்து 2020-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, கடந்த சில பத்தாண்டுகளில் உள்ளினக் கலப்பு கூடிக்கொண்டே வந்திருப்பதைக் காட்டியது. ஆய்வுக்கு எடுத்த குதிரைகளில் 97 சதவீதத்தின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருந்தது. வெற்றி பெற்ற வம்சத்தையே எல்லோரும் துரத்தினால், கடைசியில் மிஞ்சுவது ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு ஒரு குறை இருந்தால் அது எல்லோருக்கும் போகும்.

தோற்ற குதிரை எங்கே?

தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயம் என்றாலே பேச்சு கிண்டி நிலத்துக்குப் போய்விடும். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்ததிலிருந்து ஏக்கர், வாடகை பாக்கி, வழக்கு என்றே விவாதம் ஓடுகிறது. தேவையான விவாதம்தான். ஆனால் குதிரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தரோபிரெட் 25 வருஷம் வரைகூட வாழும். இரண்டு வயதில் ஓட ஆரம்பிக்கும். பெரும்பாலானவற்றின் ஓட்டம் சில வருஷங்களில் முடிந்துவிடும். ஜாக்குலின் போன்ற சாம்பியன் என்றால் பண்ணையில் ராஜமரியாதை. அதே வம்சத்தில் பிறந்து எதையும் ஜெயிக்காத குதிரைக்கு மிச்ச வருஷங்களில் தீவனம் யார் போடுவது? பரிசுப் பணத்திலும் பந்தய வருமானத்திலும் ஒரு பங்கை இதற்கென்று கட்டாயமாக ஒதுக்கிவைப்பதுதான் நியாயம்.

முடியாத காரியமும் இல்லை. இந்த இனத்துக்கான வம்சப் பதிவேடு 1791-லிருந்து இருக்கிறது. ஒரு குட்டியின் முப்பாட்டன் யார் என்று முந்நூறு வருஷக் கணக்கு வைத்திருக்கும் தொழில், ஓடி முடித்த குதிரை இப்போது எந்த லாயத்தில் நிற்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு வைக்கலாம்.