எந்தப் பள்ளி?

தில்லிக்கு மாற்றலாகி வரும் தமிழ்க் குடும்பங்கள் வீடு தேடும்போதே பள்ளியையும் தேடுகின்றன. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் பிற பாடங்களோடு தமிழும் கற்பிக்கப்படுகிறது. வீட்டருகே உள்ள பள்ளியிலோ கணக்கும் அறிவியலும் சிறப்பாகக் கற்பிக்கப்படலாம், தமிழ் இராது. எதனைத் தேர்வது?

தொடக்க வகுப்புகளுக்குத் தமிழும் கற்பிக்கும் பள்ளியே ஏற்றது என்பது என் கருத்து. தமிழ் எழுத்துகள் 247 என்றதும் பலர் மலைக்கின்றனர். உயிரும் மெய்யும் சேரும் முறை பிடிபட்டுவிட்டால் சிறுவர் விரைவில் படிக்கத் தொடங்குவர். தேர்வுச்சுமை சூழ்ந்த ஒன்பதாம் வகுப்பில் ழகரத்திற்கும் ளகரத்திற்கும் யார் நேரம் ஒதுக்குவார்? கணக்கில் பின்தங்கினால் தனிப்பயிற்சி ஆசிரியர் தெருவுக்கு ஒருவர் உளர். தமிழுக்கு அவ்வாறு கிடைப்பது அரிது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழிவழிக் கல்வியைப் பரிந்துரைக்கிறது.

பேருந்திலேயே உறங்கி வழியும் குழந்தைக்கு எம்மொழியும் ஏறாது. அத்துணைத் தொலைவில் வாழ்வோர் அருகிலுள்ள பள்ளியைத் தேர்வதில் பிழையில்லை.

பள்ளியின் பெயரில் தமிழ் இருப்பதும் போதாது. கரும்பலகையைப் பார்த்து எழுதுவதிலேயே பாடவேளை கழியுமாயின் அங்கு மொழி வளராது. (தமிழாசிரியர்களாகிய எங்களுக்கும் இது பொருந்தும்.) மாணவர்களே! உங்கள் தம்பியையோ தங்கையையோ ஒரு பள்ளியில் சேர்க்கும்முன், அங்குப் பயில்வோரின் தமிழ்க் குறிப்பேடு ஒன்றைப் பார்க்குமாறு பெற்றோரிடம் கூறுங்கள். அதில் மாணவர் தாமே எண்ணி எழுதிய தொடர் ஒன்றேனும் உள்ளதா?