பெட்டியில் ஒன்று, மேகத்தில் ஒன்று

குடும்ப அட்டை, பள்ளிச் சான்றிதழ், மின்கட்டண ரசீது என எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து, ‘மேகச் சேமிப்பு’ எனப்படும் கணினிக் கிடங்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போர் மும்பைத் தமிழரிடையே பெருகி வருகின்றனர். வசதியான ஏற்பாடுதான். ஆனால் அந்த வசதி எதை நம்பி நிற்கிறது என்று தெரிந்து நம்புவதே விவேகம்.

இது சிறு விஷயம் அன்று. தாராவி மறுசீரமைப்பில், தரைத்தளத்தில் குடியிருப்போர் அங்கேயே இலவச வீடு பெறுவதற்கு, 2000 ஜனவரி 1-ந் தேதிக்கு முன்பிருந்தே குடிசை இருந்ததற்கான சான்று வேண்டும். அக்காலத்து ரசீது மங்கிய தாளாகத்தான் இருக்கும். அது போனால் வீட்டு உரிமையே கேள்விக்குறியாகும்.

மேகம் என்பது எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் கணினிகளே. தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தகவல் மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீப்பிடித்தது. மின்தடையின்போது உதவ வைத்திருந்த லித்தியம் பாட்டரிகளை இடம் மாற்றும் வேலையில்தான் தீ மூண்டது. 600-க்கு மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வந்த 858 டெராபைட் கிடங்கு அழிந்தது. வேறிடத்தில் அதற்கு நகல் இல்லை. கணினித் துறையில் முன்னணி நாட்டுக்கே இக்கதி!

படம் வேறு, ஆவணம் வேறு என்பதையும் மறக்கலாகாது. ‘டிஜிலாக்கர்’ மூலம் காட்டும் ஆதார், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைப் பயண அடையாளமாக ஏற்பதாக ரயில்வே 2018-இல் அறிவித்தது. ஆனால் உரிய துறை நேரே வழங்கியதே செல்லும். பயணி தாமே ஏற்றிய படம் செல்லாது என்றும் கூறிவிட்டது.

சூரிய மின்சாரமும் இப்படியே. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் மானியம் 78,000 ரூபாய் வரை உண்டு. ஊரில் வீடு கட்டுவோர் பலர் இதை நாடுகின்றனர். ஆனால் பாட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியுடன் இணைத்த அமைப்பு, மின்வெட்டு வந்ததும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இந்த ஏற்பாடு. மின்கட்டணம் குறையும், மின்வெட்டில் விளக்கு எரியாது. வாங்குமுன் இதைக் கேட்டறிவது நலம்.

ஆகவே புதிய கருவிகளை ஒதுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டுமே நம்பியிருக்கலாகாது. மூல ஆவணம் தகரப் பெட்டியில் இருக்கட்டும். நகல் ஒன்று ஊரில் உறவினரிடம் இருக்கட்டும். படம் மேகத்தில் இருக்கட்டும். கடவுச்சொல் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஆண்டுக்கொரு முறை மூன்றையும் எடுத்துச் சரிபார்த்தால், ஒன்று போனாலும் மற்றது கைகொடுக்கும்.