கையில் சுருள்வாள்!

திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தின் விஞ்ஞானிகள், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் இணைந்து 2017-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டனர். தென்னிந்தியாவில் காணப்படும் ஒருவகைத் தவளையின் தோலில் சுரக்கும் பெப்டைடு, 'எச்1' வகை ஃபுளூ வைரஸ்களை அழிக்கிறது என்பதுதான் அது. களரிப்பயிற்றில் பயன்படும் சுருள்வாளுக்கு மலையாளத்தில் 'உறுமி' என்று பெயர். அதையொட்டியே அந்த பெப்டைடுக்கு 'உறுமின்' என்று பெயர் சூட்டப்பட்டது.

அந்தக் கண்டுபிடிப்பைவிட, அது கண்டறியப்பட்ட விதம்தான் இன்று நினைவுகூரத் தக்கது. மொத்தம் 32 பெப்டைடுகள் சோதிக்கப்பட்டன. அவற்றில் 4 மட்டுமே வைரஸை எதிர்த்தன. அந்த நான்கிலும் மூன்று, மனித ரத்தச் சிவப்பணுக்களுக்குக் கேடு விளைவித்தன. எஞ்சியது ஒன்றே ஒன்று. அதுவும் எலிகளைக் காப்பாற்றியதே தவிர, இன்னும் மனிதர்களுக்கான மருந்தாக மாறிவிடவில்லை. இயற்கையில் கிடைப்பது என்பதாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆய்வுக்கூடம் இத்தனை பொறுமை காட்டும்போது, சந்தைக்கு மட்டும் பொறுமையில்லை. உடல் இளைக்க, தசை வளர, தோல் பளபளக்க, முதுமையைத் தள்ளிப்போட என்று எல்லாவற்றுக்கும் 'பெப்டைடு சிகிச்சை' தீர்வாக முன்வைக்கப்படுகிறது.

அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலியே பெப்டைடு. நமது உடலே பலவற்றை உற்பத்தி செய்கிறது. 51 அமினோ அமிலங்களைக் கொண்ட இன்சுலின் அவற்றில் ஒன்று. 1922 ஜனவரி 11-ஆம் தேதி கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டபோது, மருந்தின் தூய்மைக் குறைவால் ஒவ்வாமைதான் ஏற்பட்டது. 12 நாள்களுக்குப் பிறகு, சுத்திகரிக்கப்பட்ட மருந்து செலுத்தப்பட்டபோதுதான் சிறுவன் தேறினான். அதே பெப்டைடு; தூய்மைதான் வேறுபாடு.

இன்று பேசப்படும் செமாகுளுடைடு, டிர்ஜெபடைடு ஆகிய மருந்துகளின் பயனை மறுப்பதற்கில்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதுடன் பசியையும் அவை குறைக்கின்றன. 2021-இல் வெளியான ஆய்வில், செமாகுளுடைடு எடுத்துக்கொண்டவர்களின் உடல் எடை 68 வாரங்களில் சராசரியாக சுமார் 15% குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இவ்வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வுப்படி, கேரளத்தில் வயது வந்தோரில் 25.5% பேர் சர்க்கரை நோயாளிகள். தேசிய சராசரியோ 11.4% மட்டுமே. அந்த மாநிலத்துக்கு இம்மருந்துகள் ஆடம்பரமல்ல.

ஆனால், வாந்தி, குமட்டல், மலச்சிக்கல் தொடங்கி, பித்தப்பைக் கற்கள், கணைய அழற்சி வரை பக்கவிளைவுகள் உண்டு. கொழுப்புடன் தசையும் கரைகிறது. மருந்தை நிறுத்திய ஓராண்டில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதை ஆய்வு காட்டுகிறது. கருவுற்றவர்களும், குறிப்பிட்ட வகை தைராய்டு புற்றுநோய் குடும்ப வரலாறு உள்ளவர்களும் தொடவே கூடாது. இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்க வேண்டியவர் மருத்துவரே அன்றி, உடற்பயிற்சிக்கூடப் பயிற்சியாளரோ அழகு நிலைய ஊழியரோ அல்ல.

இதைவிட ஆபத்தானது, மனிதர்களிடம் முறையாகச் சோதிக்கப்படாத பெப்டைடுகளின் விற்பனை. காயங்களை விரைந்து ஆற்றும் என்று கூறப்படும் 'பிபிசி-157' 2022-ஆம் ஆண்டிலேயே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டது. 'ஆய்வுக்கு மட்டும்' என்று குப்பியில் அச்சிட்டுவிட்டு, ஊசியில் ஏற்றிக்கொள்பவர்களிடமே அதை விற்பது அப்பட்டமான மோசடி. போலிகளும் உலவுகின்றன. போலி செமாகுளுடைடு குறித்து உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூன் மாதத்தில் எச்சரித்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. சர்க்கரை நோயையும் உடல் பருமனையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. மருந்துக்கு ஒப்புதல் தருவது மத்திய அரசின் பொறுப்பு. விற்பனையைக் கண்காணிப்பது மாநிலங்களின் பொறுப்பு. இந்த இரண்டுக்கும் நடுவில் இணையவழி மருந்து விற்பனை வளர்ந்து நிற்கிறது. அதை முறைப்படுத்த 2018-இல் வெளியிடப்பட்ட வரைவு விதிகள் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடப்பட்டது மத்திய அரசின் பொறுப்பின்மை அன்றி வேறென்ன?

பாதரசம் கலந்த அழகுப் பூச்சுகளுக்கு எதிராக 2023-இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' சோதனைகளை நடத்திய கேரள அரசு, அதே முனைப்பைப் பெப்டைடு ஊசிகள் மீதும் காட்ட வேண்டும். தமிழகமும் வேடிக்கை பார்க்கக் கூடாது. களியக்காவிளையைத் தாண்டி வருவதற்கு எந்தக் குப்பிக்கும் தடையில்லை. செமாகுளுடைடின் காப்புரிமைக் காலம் 2026 மார்ச்சுடன் முடிவதால் மலிவு விலை மருந்துகளுக்கு வழி திறக்கிறது. ஏழை நோயாளிக்கு அது நற்செய்தி. கண்காணிப்பு இல்லாவிட்டால் போலிகளுக்கும் அதுவே நற்செய்தி. இந்த மருந்துகளை அரசு மருத்துவமனைகளில் தகுதியுள்ள நோயாளிகளுக்குக் கிடைக்கச் செய்வதும், தகுதியற்ற கைகளிலிருந்து பறிப்பதும் ஒருசேர நடந்தாக வேண்டும்.

களரியில் சுருள்வாளைக் கடைசியாகத்தான் கற்றுத்தருவார்கள். பயிற்சியில்லாத கையில் அது முதலில் வெட்டுவது எதிரியை அல்ல, சுழற்றுபவரைத்தான்!