கட்டுச்சோறும் கட்டணச் சீட்டும்

காலாண்டு விடுமுறையில் சென்னையிலிருந்து தில்லிக்கு வந்த தங்கையின் குடும்பத்தை அழைத்துக்கொண்டு, தலைநகரின் எல்லையில் நெடுஞ்சாலையோரம் உள்ள பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்குச் செல்ல நேர்ந்தது. முதல் நாள் இரவே அம்மா புளியோதரை கிளறி வைத்துவிட்டார். தயிர்சாதம், தட்டை, முறுக்கு, நறுக்கிய வெள்ளரிக்காய், ஏழு பேருக்கும் தண்ணீர் என இரண்டு பைகள் நிறைந்தன.

நுழைவுச் சீட்டு வாங்கிய பிறகு, அடுத்த வாயிலில்தான் பைகள் சோதனையிடப்பட்டன. "வீட்டுச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்; இல்லையென்றால் அந்தப் பீப்பாயில் போட்டுவிடுங்கள்" என்றார் காவலர். அவர்மீது குற்றம் இல்லை. அவருக்கு இடப்பட்ட கட்டளை அது. வாயிலருகே நின்ற நீல நிறப் பீப்பாயில் பராத்தாவும் பூரியும் உருளைக்கிழங்கும் பாதியளவு நிறைந்திருந்தன. 81 கோடிப் பேருக்கு விலையில்லா உணவு தானியம் வழங்கும் நாட்டில், சமைத்த உணவைக் குப்பையில் போடச் சொல்வது ஒரு வணிக விதியாகவே இருக்கிறது.

பீப்பாயில் போட மனமில்லாத குடும்பங்கள் வாகன நிறுத்துமிடத்தில் செய்தித்தாளை விரித்து அமர்ந்து, காலை பத்தரை மணிக்கே, பசிக்காத குழந்தைகளின் வாயில் மதிய உணவைத் திணித்துக்கொண்டிருந்தன. நாங்களும் அந்த வரிசையில் அமர்ந்தோம். பிற்பகல் 3 மணிக்கு, நீரிழிவு நோயாளியான அம்மாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது, உள்ளே இருந்த உணவுக்கூடத்தில் நீண்ட வரிசை நின்றிருந்தது. அன்று உணவுக்கும் தண்ணீருக்கும் செலவான தொகை, நுழைவுச் சீட்டுகளுக்குக் கொடுத்ததில் பாதியைத் தாண்டியது.

ஒரு குடும்பத்தின் ஒரு நாள் மனக்குறை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால், விடுமுறை நாள்களில் நாட்டின் பல பூங்காக்களின் வாயில்களில் இதே காட்சியைக் காணலாம். ஆண்டுக்கு ஒருமுறை பணம் சேர்த்துக் குழந்தைகளை ராட்டினத்தில் ஏற்றிப் பார்க்கும் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தி அன்று. எனவே, இதில் சட்டம் எங்கே நிற்கிறது, அரசு எங்கே நிற்கிறது என்று கேட்பது தவறாகாது.

பூங்கா உரிமையாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது, திரையரங்குகள் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3-ஆம் தேதி அளித்த தீர்ப்பை. திரையரங்குகளுக்கு வெளியிலிருந்து உணவு கொண்டுவர இருந்த தடையை நீக்கி 2018-இல் ஜம்மு-காஷ்மீர் உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை, அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா ஆகியோர் அடங்கிய அமர்வு ரத்து செய்தது. திரையரங்கு தனியார் சொத்து. அங்கு எதை அனுமதிப்பது என்பதை முடிவு செய்யும் உரிமை அதன் உரிமையாளருக்கு உண்டு. பாப்கார்ன் வாங்குமாறு யாரும் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். ஜிலேபி தின்றுவிட்டு இருக்கையில் கையைத் துடைத்தால் யார் பொறுப்பு என்று நீதிமன்றத்தில் கேட்கப்பட்ட கேள்வி நாடெங்கும் பேசப்பட்டது.

அதே தீர்ப்பின் மறுபாதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. தூய்மையான குடிநீரை இலவசமாக வழங்க வேண்டும். கைக்குழந்தையுடன் வருவோர் குழந்தைக்குத் தேவையான உணவை நியாயமான அளவில் கொண்டுவருவதைத் தடுக்கக் கூடாது என்றும் அதில் கூறப்பட்டிருக்கிறது. அதைவிட முக்கியமானது, உரிமையாளர் விதிக்கும் நிபந்தனைகள் பொது நலனுக்கும் பாதுகாப்புக்கும் முரணாக இருக்கக் கூடாது என்னும் வரையறை. ஆக, உரிமையாளரின் உரிமை எல்லையற்றது என்று அத்தீர்ப்பு சொல்லவில்லை.

குடிநீர் குறித்துத் தேசிய நுகர்வோர் ஆணையம் அதற்கு முன்பே வழி காட்டியிருந்தது. திரிபுராவைச் சேர்ந்த ஒரு திரையரங்கு தொடர்பான வழக்கில், வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரத் தடை விதித்துவிட்டு, உள்ளே இலவசக் குடிநீரும் வழங்காமல் இருப்பது சேவைக் குறைபாடு என்று 2015-இல் அந்த ஆணையம் கூறியது.

இனி அடிப்படைக் கேள்விக்கு வருவோம். திரையரங்குக்குச் சொன்னது பூங்காவுக்கும் அப்படியே பொருந்துமா? மூன்று மணி நேரத் திரைப்படத்தில் பாப்கார்ன் வாங்காமல் இருப்பது பார்வையாளரின் விருப்பம். வீட்டில் உண்டுவிட்டுப் போகலாம், திரும்பிவந்து உண்ணலாம். பூங்காவில் காலை பத்து மணிக்கு நுழைபவர் மாலை ஆறு மணிவரை இருக்கிறார். வெயிலில் நடக்கிறார்; நீரில் நனைகிறார்; குழந்தைகளைத் தூக்கிச் சுமக்கிறார். இடையில் ஒருவேளை உணவு அவருக்குத் தேவை. வெளியே போனால் மீண்டும் நுழைய முடியாது என்று விதி இருந்தால், உள்ளே விற்பதை வாங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழி இல்லை. "விருப்பம்" என்னும் சொல் எட்டு மணி நேரப் பசிக்குப் பொருந்தாது.

இடமும் மாறியிருக்கிறது. 1984-இல் தில்லியில் தொடங்கப்பட்ட "அப்பு கர்" பூங்கா, நகரின் நடுவே பிரகதி மைதானத்தை ஒட்டி இருந்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமான யானைக்குட்டியின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2008-இல் அப்பூங்கா மூடப்பட்டு, அந்த நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்குச் சென்றது. இன்றைய பெரிய பூங்காக்களோ பல ஏக்கர் நிலம் தேவைப்படுவதால் நகரின் விளிம்பிலும் நெடுஞ்சாலைகளிலும் அமைகின்றன. வெளியே வந்தாலும் நடந்துபோகும் தொலைவில் ஒரு தேநீர்க் கடைகூட இருப்பதில்லை. பசித்தவருக்கு மாற்று வழி எதுவும் இல்லாத சந்தை அது.

உரிமையாளர்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களையும் எடைபோட வேண்டும். முதலாவது பாதுகாப்பு. மதுபானமும் கண்ணாடிப் புட்டிகளும் கூர்மையான பொருள்களும் உள்ளே வரக் கூடாது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், பையைத் திறந்து பார்க்கும் காவலருக்குப் புளியோதரைக்கும் மதுப்புட்டிக்கும் வேறுபாடு தெரியும். இரண்டாவது தூய்மை. எவர்சில்வர் டப்பாவில் வந்த உணவு டப்பாவோடு வீடு திரும்புகிறது. காகிதத் தட்டும் நெகிழி உறையும் உள்ளே விற்கப்படும் பொருள்களிலிருந்தே மிகுதியாக உதிர்கின்றன. நீர் விளையாட்டுக் குளங்களின் அருகே உண்ணக் கூடாது என்பது சரி. அதற்குத் தேவை, உண்பதற்கென்று தனியிடம். முழுத் தடை அன்று. விலங்குக் காட்சிச்சாலையில் உணவுக்குக் கட்டுப்பாடு இருந்தால் அதன் காரணம் எவருக்கும் புரியும்: விலங்குகளுக்குத் தீனி போடுவதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே தடை செய்கிறது. ராட்டினத்துக்கு அப்படி எந்த ஆபத்தும் இல்லை.

மூன்றாவது காரணம்தான் உண்மையானது: வருவாய். பூங்கா நடத்துவது எளிய தொழில் அன்று. ராட்டினங்களுக்குப் பெரும் முதலீடு வேண்டும். பராமரிப்புச் செலவு உண்டு. மழைக்காலத்திலும் தேர்வுக் காலத்திலும் கூட்டம் குறையும். 2017-இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது பூங்காக் கட்டணத்தின் மீது 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. உரிமையாளர்கள் முறையிட்டனர், 2018 ஜனவரியில் அது 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முதலீட்டாளரின் குரல் ஆறே மாதங்களில் கேட்டது. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வருபவரின் குரலைக் கேட்கத்தான் யாரும் இல்லை.

உணவு விற்பனையின் லாபத்தில்தான் பூங்கா ஓடுகிறது என்றால், அதை நுழைவுக் கட்டணத்தில் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்ளட்டும். எது மலிவு என்று ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமை அப்போது மக்களுக்குக் கிடைக்கும். சீட்டைக் குறைந்த விலையில் விற்று, வாயிலில் டப்பாவைப் பறித்து, உள்ளே பசியில் ஈடுகட்டுவது நேர்மையான வணிகம் ஆகாது. ரயில்வேயும் உணவு விற்கிறது. ஆனால், சென்னையிலிருந்து இரண்டு இரவுகள் பயணம் செய்து தில்லிக்கு வரும் பயணியின் டப்பாவைத் திறந்து பார்த்து யாரும் தடுப்பதில்லை.

பக்கத்து நாடான சீனத்தில் நடந்ததைப் பாருங்கள். ஷாங்காய் நகரின் டிஸ்னிலேண்ட் பூங்காவில், தான் கொண்டுவந்த தின்பண்டங்களை உள்ளே அனுமதிக்க மறுத்ததை எதிர்த்து ஒரு சட்டக் கல்லூரி மாணவி 2019-இல் வழக்குத் தொடுத்தார். அமெரிக்கப் பூங்காக்களில் அனுமதித்துவிட்டு இங்கு மட்டும் தடுப்பது ஏன் என்று சீன மக்கள் கேட்டனர். அதே ஆண்டு செப்டம்பரில் பூங்கா நிர்வாகம் விதியைத் தளர்த்தியது. சில கட்டுப்பாடுகளுடன் சொந்த உணவை அனுமதித்தது. மாணவிக்குக் கிடைத்த இழப்பீடு 50 யுவான் மட்டுமே. ஆனால், அவரால் பயனடைந்தவர்கள் பூங்காவுக்கு வரும் அனைவரும்.

நம் சட்டமன்றங்களின் நிலை என்ன? மகாராஷ்டிரத்தில் 2018 ஜூலையில், திரையரங்குகளுக்கு வெளியிலிருந்து உணவு கொண்டுசெல்லத் தடை இல்லை என்று அமைச்சர் சட்ட மேலவையில் அறிவித்தார். அடுத்த மாதமே அதே அரசு, பாதுகாப்பைக் காரணம் காட்டி, இதில் தலையிடத் தேவையில்லை என்று மும்பை உயர் நீதிமன்றத்தில் பதில் மனு அளித்தது. அவையில் ஒரு பேச்சு, நீதிமன்றத்தில் வேறு பேச்சு.

அதேசமயம், அவையில் எழுப்பப்படும் கேள்விக்குப் பலன் இல்லாமலும் போய்விடவில்லை. விமான நிலையங்களில் தேநீரும் தண்ணீரும் விற்கும் விலை குறித்து 2024 குளிர்காலக் கூட்டத்தொடரில் மாநிலங்களவையில் பேசப்பட்டது. அதே டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்திலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் மலிவு விலைச் சிற்றுண்டியகங்கள் திறக்கப்பட்டன. தண்ணீரும் தேநீரும் ரூ.10, சமோசா ரூ.20 என்று விலை வைக்கப்பட்டது. விமானப் பயணிக்குக் கிடைத்த இந்த நீதி, பேருந்தில் பூங்காவுக்கு வரும் குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டாமா?

நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவும் தேவையில்லை. காலையில் வளாகத்துக்குள் நுழைந்து மாலையில் வெளியேறுபவருக்கு உள்ளேயே கட்டுப்படியாகும் விலையில் உணவு வேண்டும் என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். நாடாளுமன்ற உணவகத்தின் மானியம் 2021-இல்தான் முற்றாக நிறுத்தப்பட்டது.

செய்ய வேண்டியது பெரிதல்ல. பூங்காக்களுக்கு உரிமம் வழங்கும்போது சில நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும். தூய்மையான குடிநீர் பல இடங்களில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். குழந்தைகள், முதியோர், நோயாளிகளுக்கான உணவைத் தடுக்கக் கூடாது. வீட்டு உணவை உண்ண, கூரையும் கைகழுவும் வசதியும் உள்ள தனியிடம் ஒதுக்க வேண்டும். அது முடியாத இடங்களில், கையில் முத்திரையிட்டு வெளியே சென்று உண்டுவர அனுமதிக்க வேண்டும். உணவு விதியும் உள்ளே விற்கும் உணவின் விலைப்பட்டியலும் சீட்டு விற்கும் இடத்திலேயே, பணம் வாங்கும் முன்பே கண்ணில் பட வேண்டும்.

உறையிடப்பட்ட பொருள்களின் விலையும் கவனிக்கத்தக்கது. ஒரே பொருளுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு அதிகபட்ச சில்லறை விலை அச்சிடும் முறைகேட்டுக்கு எதிரான விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. விடுதிகளும் உணவகங்களும் தண்ணீர்ப் புட்டிக்குக் கூடுதல் விலை பெறலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது, மேசையும் பணியாளரும் சூழலும் சேர்ந்த சேவையைக் கருதியே. வெயிலில் வரிசையில் நின்று சாளரத்தில் வாங்கும் புட்டிக்கு அந்தச் சலுகையை நீட்டிப்பது நியாயமா என்பதை எடையளவுத் துறை ஆராய வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாமே என்பார்கள். நாடலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும், ரூ.5 லட்சம் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால், ஒரு டப்பா தயிர்சாதத்துக்காக ஆண்டுக்கணக்கில் வழக்காட எத்தனை பேர் முன்வருவார்கள்? பலருக்கும் சிறிதுசிறிதாக இழைக்கப்படும் அநீதியைத் தனிமனிதர் எதிர்ப்பது அரிது. அதனால்தான், நுகர்வோர் அனைவரின் சார்பிலும் தலையிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் அமைக்கப்பட்டது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் அது நெறிமுறை வெளியிட்டது. அது செல்லும் என்று 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அதே அதிகாரத்தைப் பூங்காக்கள் விஷயத்திலும் பயன்படுத்த எது தடை?

பூங்காவின் நிலமும் ராட்டினமும் உரிமையாளருடையவை, அதில் ஐயமில்லை. பசி மட்டும் பார்வையாளருடையது. அந்தப் பசியை விற்பனைப் பொருளாக்கும் உரிமையைச் சீட்டு வாங்கும்போது யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த கோடை விடுமுறை தொடங்குவதற்குள் மத்திய ஆணையமும் மாநில அரசுகளும் விழித்துக்கொண்டால், அந்த நீல நிறப் பீப்பாய்கள் வாயில்களிலிருந்து அகலும். அதற்கான கேள்வியை அவையில் எழுப்ப வேண்டியது நம் உறுப்பினர்களின் கடமை.