கிணற்றில் இறங்குமுன் கெட்டுப்போகும் பம்புகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் ஆல்பிரெட் சாட்டர்டன் என்பவர் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கொண்டு பாசனத்துக்கு நீர் இறைக்கும் முறையைப் பரப்ப முயன்றார். 1932-ஆம் ஆண்டில் பைகாரா நீர்மின் நிலையம் வேலை செய்யத் தொடங்கிய பின்னர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் எட்டிற்று. கமலையேற்றம் சிறிது சிறிதாக மறைந்தது. இன்று தோட்டக்கால் பூமி வைத்திருக்கும் குடியானவருக்குப் பம்பு செட்டு ஏரைப் போலவும் மாட்டைப் போலவும் இன்றியமையாத உடைமையாகிவிட்டது. ஆயினும் அதைக் கையாளும் விஷயத்தில் மட்டும் போதிய சிரத்தை இன்னும் உண்டாகவில்லை. புதுப் பம்பு பூட்டிய சில வாரங்களிலேயே பழுதாகுமாயின், "கம்பெனிக்காரன் மோசம் செய்துவிட்டான்" என்பதே ஊரார் தீர்ப்பாக இருக்கிறது. கம்பெனியின் குற்றமும் சில சமயம் உண்டு. ஆனால் லாரியிலிருந்து இறங்கிய நாளுக்கும் கிணற்றில் பொருத்திய நாளுக்கும் இடையே யந்திரத்துக்கு நேர்ந்த கேட்டை எவரும் விசாரிப்பதில்லை.

மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்த பின்னரே பணத்தை அவிழ்க்கும் அதே குடியானவர், அதனினும் விலை கூடிய யந்திரத்தைப் பெட்டியைக்கூடத் திறவாமல் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறார். இது பெருந் தவறு. பட்டியலில் கண்ட உருப்படிகள் யாவும் வந்துள்ளனவா, பம்பு, மோட்டார் இவற்றின் பெயர்த் தகடுகளிலுள்ள குதிரைத்திறன், வோல்ட்டு, சுற்று வேகம், நீரை ஏற்றக்கூடிய உயரம், வரிசை எண் ஆகியவை பில்லோடு ஒத்திருக்கின்றனவா என்று வண்டி நிற்கும்போதே பார்த்தல் வேண்டும். பெட்டி உடைந்தோ நனைந்தோ இருப்பின், அதை ரசீதிலேயே எழுதி, படமெடுத்து வைத்து, பிறகு கையெழுத்திடலாம். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்கு பதிவான தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடாதவர் சேதத்துக்காக லாரிக் கம்பெனியின்மேல் வழக்குத் தொடர இயலாது. வாய்ச்சொல்லாகப் புகார் கூறிவிட்டுக் காத்திருப்பவர் தம் உரிமையைத் தாமே இழக்கிறார்.

அடுத்தது இறக்கும் முறை. வைக்கோலையோ பழைய டயரையோ கீழே போட்டு, மேலிருந்து உருட்டிவிடுவது பல ஊர்களில் வழக்கமாயிருக்கிறது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். உடையாவிடினும், வீழ்ந்த அதிர்ச்சியில் பேரிங்கின் குண்டுகள் தம் தடத்தில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்துவிடும். அன்று ஒன்றும் தெரியாது. ஓடத் தொடங்கிய பிறகே இரைச்சலும் சூடும் அதை வெளிப்படுத்தும். பம்பும் மோட்டாரும் ஒரே அடிச்சட்டத்தின்மேல் கப்ளிங்கால் இணைக்கப்பட்டிருந்தால், சட்டத்தின் அடியில் கயிறு கொடுத்தே தூக்க வேண்டும். மோட்டாரின் தலையிலுள்ள வளையம் மோட்டாரின் பாரத்தை மட்டுமே தாங்குவதற்கு அமைந்தது. நீர்மூழ்கி மோட்டாரை அதன் கேபிளைப் பிடித்து இழுப்பதும் தூக்குவதும் கூடவே கூடாது. நீண்ட பம்பாயின் இரு முனைகளையும் தாங்கி எடுத்துச் செல்லாவிடில் நடுவில் தொய்ந்து அச்சு வளைய இடமுண்டு.

"தண்ணீரில் கிடக்க வேண்டிய சாமான்தானே, நனைந்தால் என்ன?" என்று கேட்போர் பலர். இக்கேள்வி நியாயமானதுபோல் தோன்றினும் உண்மை வேறு. பம்பின் உட்பாகமே நீர் பாய்வதற்காக அமைந்தது. தரைமேல் இருக்கும் மோட்டாரின் கம்பிச்சுற்றும் பேரிங்கும் அவ்வாறு அமைந்தவை அல்ல. மேலும், ஈரமும் காற்றும் மாறிமாறிப் படும் இடத்தில்தான் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே, யந்திரத்தை நனையாத கூரையின்கீழ், மண் தரையில் படாமல் மரக்கட்டைகளின்மேல் வைக்க வேண்டும். மாட்டுத் தொழுவமும் உரமூட்டை அறையும் இதற்கு ஏற்ற இடங்கள் அல்ல. மூத்திரத்திலிருந்து எழும் ஆவி செம்பை அரிக்கும். ஈரத்தை உறிஞ்சும் உர உப்புகள் இரும்பையும் கெடுக்கும். நீர் புகும் வாய்க்கும் வெளிப்படும் வாய்க்கும் கம்பெனியார் இட்ட மூடிகளைப் பொருத்தும் நாள்வரையில் கழற்றலாகாது. திறந்த வாயில் குளவி கூடு கட்டும்; எலி தானியத்தைச் சேர்க்கும். கடைந்து மெருகேற்றிய பாகங்களுக்குக் கிரீஸ் தடவி வைக்க வேண்டும். கேபிளின் நுனிகளை நாடாவால் சுற்றி மூடாவிட்டால் ஈரம் கம்பியின் வழியே உள்ளே ஏறும்.

பல மாதம் சும்மா கிடக்கும் யந்திரத்தின் அச்சைப் பதினைந்து நாளுக்கொரு முறை கையால் சுற்றி, முன்பு நின்ற நிலையினின்றும் மாற்றி நிறுத்துதல் நலம். இல்லையேல் பேரிங்கில் ஒரே இடத்தில் பாரம் நின்று கறை பிடிக்கும், அச்சுமுத்திரையும் ஒட்டிக்கொள்ளும். நெடுநாள் கிடந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்குமுன் மெக்கர் கருவியால் சோதித்து, காப்புத்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறைந்திருப்பின் உலர்த்திய பின்னரே ஓட்ட வேண்டும். அரைமணி நேரச் சோதனையைத் தவிர்த்து, கம்பிச்சுற்று முழுவதும் எரிந்தபின் வருந்துவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதை ஒக்கும்.

ஆனால் இவை யாவற்றினும் முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டு, அது கிடைக்கும் நாள் தெரியாதபோதே கடன் பட்டுப் பம்பு வாங்கி வைப்பது விவேகமாகாது. உத்தரவாதக் காலம் பெரும்பாலும் பில் தேதியிலிருந்தே கணக்கிடப்படுகிறது. யந்திரம் மூலையில் கிடக்கும்போதே உத்தரவாதம் தேய்கிறது, வட்டியோ வளர்கிறது. கம்பம் நட்டுக் கம்பி இழுக்கும் வேலை தொடங்கிய பிறகு வாங்குவோருக்கு இவ்விரு நஷ்டங்களும் குறையும். விலை ஏறிவிடும் என்ற பயத்தால் முந்துவோர், அந்த விலையுயர்வையும் வட்டியையும் எதிரெதிரே வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் இதில் பொறுப்புண்டு. மானியத்தில் வரும் பம்புகளை விழா நாளுக்காக வெட்டவெளியில் அடுக்கி வைப்பதை நிறுத்த வேண்டும். ஊருக்கொரு நனையாத அறையையும், இறக்குவதற்கு ஒரு சங்கிலிக் கப்பியையும் ஏற்பாடு செய்தால், எரிந்த மோட்டார்களை மறுபடி சுற்றும் கூலி மிச்சமாகும். யானை வாங்கியவர் அங்குசம் வாங்கத் தயங்கலாமா? நாற்று வாடும் வேளையில் பம்பு நின்றால் நஷ்டம் யந்திரத்தோடு முடிவதில்லை. அந்தப் போகமே போய்விடும். அதைத் தடுக்கும் வேலை லாரி வந்து நிற்கும் அந்த முதல் நாளிலேயே தொடங்க வேண்டும்.